அடைத்த கதவின் அச்சம்: அல்பிரட் ஹிச்கொக் வரலாறு

தொல்காப்பியப் பொருளதிகாரத்தில் மெய்ப்பாட்டியல் என்றோர் இயல் உண்டு. மாந்தர் உள்ளத்தே நிகழும் உணர்ச்சிகள் புறத்தே வெளிப்படும் வகையினை எட்டாக வகுத்து, அவ்வெட்டனுள் அச்சத்தையும் ஒன்றாக வைத்தார் ஆசிரியர். அவ்வச்சம் பிறக்கும் இடங்கள் நான்கு என்பது அவர் கணக்கு. பேய் முதலாகிய அணங்கு ஒன்று, கொடிய விலங்கு ஒன்று, கள்வர் ஒன்று, தம் இறை ஒன்று. இவற்றுள் முதல் மூன்றும் மாணாக்கருக்கு எளிதில் விளங்கிவிடும். நான்காவதைச் சொல்லும்போதுதான் வகுப்பிற் சிறு சலசலப்பு உண்டாகும். ஏனெனில், இறை என்பதற்கு அரசரை மட்டுமன்றித் தந்தையையும் ஆசிரியரையும் சேர்த்தே பழைய உரை பொருள் கூறுகின்றது.

சில ஆண்டுகளுக்கு முன் இப்பகுதியை யான் நடத்திக்கொண்டிருந்தபோது, பின்வரிசையில் இருந்த மாணவன் ஒருவன் எழுந்து, இந்நான்கு அச்சமும் ஒருங்கே அமைந்த ஆங்கிலப் படம் ஒன்று உண்டென்றும், அதனை ஐயா பார்க்கவேண்டுமென்றும் பணிவோடு சொன்னான். சினிமாவில் எனக்கு நாட்டம் குறைவு. ஆயினும் மாணவன் சொல்லைத் தட்டுவானேன் என்று, ஒருநாள் இரவு வீட்டார் உறங்கியபின் அப்படத்தைக் கணினித் திரையிற் பார்த்தேன். பார்த்து முடித்தபோது நள்ளிரவு. உறங்குமுன் கிணற்றடிக்குப் போய்க் கால்முகம் கழுவுவது என் வழக்கம். அன்று மட்டும் தனியே போக மனம் ஒருப்படவில்லை என்பதை வாசகர்களிடம் ஒளிப்பானேன்!

அப்படம் 'சைக்கோ' என்பது. அதனை நெறிப்படுத்தியவர் அல்பிரட் ஹிச்கொக். பேரரண்மனையோ பெரும்படையோ காட்டாமல், ஒரு படகு, ஓர் அறை, ஒரு விடுதி என்னும் சிற்றெல்லைக்குள் மனித மனத்தைப் பூட்டி வைத்துப் பார்ப்போரை நடுங்கச் செய்த அம்மேதையின் வரலாற்றைப் பின்னர் விரிவாகக் கற்றேன். கற்றதிற் பெரும்பகுதி வியப்பைத் தந்தது. ஒரு பகுதி வருத்தத்தைத் தந்தது. இரண்டையும் ஈண்டுச் சொல்லக் கருதுகின்றேன்.

பிறப்பும் இளமையும்

இங்கிலாந்து நாட்டில், இலண்டன் மாநகரின் வடகீழ்ப்புறத்தேயுள்ள லேற்றன்ஸ்ரோன் என்னும் ஊரில் 1899ஆம் ஆண்டு ஓகஸ்ட் மாதம் 13ஆம் திகதி ஹிச்கொக் பிறந்தார். தந்தையார் வில்லியம் காய்கறியும் கோழியிறைச்சியும் விற்கும் கடை வைத்திருந்தவர். தாயார் பெயர் எம்மா. பிள்ளைகள் மூவருள் இவரே கடைக்குட்டி. குடும்பம் கத்தோலிக்க சமயத்தைச் சார்ந்தது. பருத்த உடலும் அடங்கிய இயல்பும் வாய்ந்த இச்சிறுவனுக்கு விளையாட்டுத் தோழர் அரியர். தனியே ஒரு மூலையில் அமர்ந்து தேசப்படங்களையும் இரயில் வண்டிகளின் நேரசூசிகளையும் பார்த்துப் பொழுது போக்குவதே அவனுக்கு இன்பமாயிருந்தது.

அவ்விளம்பருவத்து நிகழ்ச்சியொன்றை ஹிச்கொக் தம் வாழ்நாள் முழுவதும் பலரிடம் சொல்லி வந்தார். யாதோ ஒரு சிறு குறும்பின் பொருட்டுத் தந்தையார் ஒரு துண்டுக் கடிதம் எழுதிச் சிறுவன் கையிற் கொடுத்து, அண்மையிலிருந்த பொலிஸ் நிலையத்துக்கு அனுப்பினார். அதிகாரி அதனை வாசித்தார்; சிறுவனைக் கைதிகளை அடைக்கும் சிற்றறையில் இட்டுக் கதவைப் பூட்டினார். ஐந்து நிமிடம் கழியத் திறந்துவிட்டு, குறும்பு செய்யும் பிள்ளைகளுக்கு இதுவே கதி என்று சொல்லி வீட்டுக்கு அனுப்பினார். இக்கதையைச் சொல்லுந்தோறும் சிறுவனின் வயது சிறிது கூடும், குறையும். கதவு பூட்டப்பட்ட ஓசை மட்டும் மாறாது. பொலிஸாரைக் கண்டால் தமக்கு இறுதிவரையில் நடுக்கமே என்று அவர் சொல்லிவந்தார்.

இவ்விடத்தே சற்று நின்று எண்ணுதல் வேண்டும். ஐந்து நிமிடம் என்பது கடிகாரத்துக்குச் சிறிது. அடைபட்ட குழந்தைக்கோ அது முடிவில்லாதது. அதிகாரி எப்போது திறப்பார் என்பதை அக்குழந்தை அறியாது. திறப்பாரோ என்பதையும் அறியாது. தந்தையே தன்னை அனுப்பினார் என்பதை மட்டும் அறியும்.

பின்னர் ஹிச்கொக் இயேசு சபையார் நடத்திய புனித இஞ்ஞாசியார் கல்லூரியிற் பயின்றார். அங்கே தண்டனை வழங்கும் முறை தனித்தன்மை வாய்ந்தது. குற்றம் செய்த மாணவனை உடனே அடிப்பதில்லை. அவன் பெயரும் பெறவேண்டிய அடியின் அளவும் ஓர் ஏட்டிற் பதியப்படும். பாடங்கள் முடிந்தபின் குருவானவரிடம் சென்று, கடினமான இறப்பர் வாரினால் அவன் அடி வாங்கவேண்டும். ஆகவே, அடியினும் பெரிய தண்டனை அந்நாள் முழுவதும் காத்திருத்தலே. வாரின் வலி சில விநாடி. காத்திருத்தலின் வலி பல மணிநேரம்.

பிற்காலத்தில் ஹிச்கொக் தம் கலையின் கோட்பாட்டை விளக்கும்போது ஓர் உதாரணம் கூறுவார். இருவர் ஒரு மேசையில் அமர்ந்து வீண்பேச்சுப் பேசிக்கொண்டிருக்கின்றனர். மேசையின்கீழ் ஒரு வெடிகுண்டு. அது இருப்பது பார்வையாளருக்குத் தெரியாவிடின், வெடிக்கும் கணத்தில் அவர்கள் ஒருமுறை திடுக்கிடுவர், அவ்வளவே. அது இன்ன நேரத்தில் வெடிக்கும் என்பதை முன்னரே அவர்களுக்குக் காட்டிவிட்டால், அதே வீண்பேச்சு உயிரை வாட்டும் பேச்சாகிவிடும். திடுக்கிடுதல் ஒன்று, நெஞ்சு பதைத்திருத்தல் மற்றொன்று. இக்கோட்பாட்டின் முதற்பாடம் அக்கல்லூரித் தண்டனை ஏட்டிலேயே அவருக்குக் கிடைத்துவிட்டது எனலாம்.

தொழில் பயின்ற காலம்

தந்தையார் 1914ஆம் ஆண்டு டிசெம்பரிற் காலமானார். மகனுக்கு அப்போது வயது 15. குடும்பநிலை கருதி, மின்கம்பிகள் செய்யும் ஹென்லி நிறுவனத்தில் வேலைக்கமர்ந்த ஹிச்கொக், மாலை வகுப்புகளிற் சித்திரம் பயின்று, அந்நிறுவனத்தின் விளம்பரப் பகுதிக்கு மாறினார். 1919இல் நிறுவனத்தின் சஞ்சிகையில் அவர் எழுதிய சிறுகதை ஒன்று வெளிவந்தது. பாரிஸ் நகரிற் கயவர் கையில் அகப்பட்டு ஒரு பெண் நடுங்குகின்றாள்; இறுதியிற் பார்த்தால், அவள் பல் வைத்தியரின் நாற்காலியில் மயக்கமருந்தின் வசப்பட்டு இருந்தவள்! பல் பிடுங்கும் ஒரு நாற்காலிக்குள் பெருநகரின் அச்சமெல்லாம் அடங்கிவிட்டது. பின்னர் வரப்போகும் கலைஞனின் முளை அச்சிறு கதையிலேயே தெரிகின்றது.

அடுத்த ஆண்டளவில், இலண்டன் இஸ்லிங்ரன் பகுதியிற் கிளை திறந்த அமெரிக்கப் படநிறுவனம் ஒன்றிற் சேர்ந்தார். அது பேசாப்படக் காலம். காட்சிகளின் இடையே காட்டப்படும் எழுத்து அட்டைகளை வரைவதே அவர்தம் முதல் வேலை. அங்கேதான் படத்தொகுப்புத் தொழிலில் ஏற்கனவே கைதேர்ந்திருந்த அல்மா றெவில் என்னும் பெண்மணியைக் கண்டார். அல்மா இவருக்கு ஒருநாள் இளையவர். இருவரும் 1926 டிசெம்பர் 2ஆம் திகதி மணம் புரிந்தனர். அன்று தொடங்கி 53 ஆண்டுகள், அல்மாவின் கண்ணிற் படாமல் ஹிச்கொக்கின் கதை எதுவும் முற்றுப்பெற்றதில்லை.

1927இல் வெளிவந்த 'லொட்ஜர்' அவருக்குப் பெயர் ஈட்டித் தந்தது. வாடகை அறையில் வந்து தங்கும் இளைஞன் கொலைகாரனோ என்று வீட்டார் ஐயுறும் கதை அது. மேல்மாடியில் அவன் நடக்கும் ஓசை கீழிருப்போரை வதைக்கின்றது. பேசாப்படத்தில் ஓசையைக் காட்டுவது எங்ஙனம்? தடித்த கண்ணாடியால் ஒரு தளம் அமைத்து, அதன்மேல் அவனை நடக்கவிட்டு, கீழிருந்து படம் பிடித்தார். பார்ப்போர் கண்ணாற் கேட்டனர்! 1929இல் 'பிளாக்மெயில்' என்னும் பேசும்படத்தையும், 1938இற் பெரும்பகுதி இரயில் வண்டிக்குள் நிகழும் 'லேடி வனிஷஸ்' என்பதையும் ஆக்கினார். பின்னையதைச் சிறியதொரு படப்பிடிப்பு நிலையத்தில் ஒரேயோர் இரயிற்பெட்டியை வைத்துக்கொண்டே எடுத்து முடித்தார். 1939இல் மனைவியோடும் மகளோடும் அமெரிக்கா சென்றார். அங்கே எடுத்த முதற்படமாகிய 'றெபெக்கா' 1940ஆம் ஆண்டின் சிறந்த படத்துக்குரிய ஒஸ்கார் பரிசைப் பெற்றது.

படகும் அறையும்

வெண்பாவின் இறுக்கமான யாப்பு புலவனுக்கு விலங்கன்று. அவன் ஆற்றலைத் திரட்டித் தருவது. இடத்தின் ஒடுக்கத்தை ஹிச்கொக் அவ்வாறே ஏற்றார்.

உலகப்போர் நடந்துகொண்டிருந்த 1944இல் 'லைஃப்போட்' என்னும் படம் வெளிவந்தது. எழுத்தாளர் ஜோன் ஸ்ரைன்பெக் அதன் கதைக்கு அடித்தளம் இட்டார். ஜேர்மன் நீர்மூழ்கியாற் கப்பல் தகர்க்கப்பட, தப்பிய சிலர் ஓர் உயிர்காப்புப் படகில் ஒதுங்குகின்றனர். அவர்களோடு அந்நீர்மூழ்கியின் தலைவனும் வந்து ஏறுகின்றான். படம் முழுவதும் அப்படகை விட்டு அகல்வதில்லை. தொடக்கத்தையும் இறுதியையும் தவிர இசையும் இல்லை, அலையோசையே இசை. பகைவனை என்செய்வது, அவனை நம்பலாமா, குடிநீரை யார் வைத்திருப்பது என்னும் வினாக்கள், படகு அசையுந்தோறும் மனங்களை அசைக்கின்றன. படப்பிடிப்பு நிலையத்தின் நீர்த்தொட்டியில் நாள்தோறும் நனைந்து நடிகர் பலர் நோயுற்றனர்.

தம் படங்கள் பலவற்றில் ஏதேனும் ஓரிடத்தில் வழிப்போக்கராகத் தலைகாட்டுவது ஹிச்கொக்கின் வேடிக்கை வழக்கம். நடுக்கடலில் வழிப்போக்கர் ஏது? அக்காலத்தில் அவர் உடம்பை மிகக் குறைத்திருந்தார். ஆகவே, படகிற் கிடந்த பழைய செய்தித்தாளில் உடல் மெலிக்கும் மருந்தொன்றின் விளம்பரமாகத் தம் பருத்த படத்தையும் மெலிந்த படத்தையும் அச்சிடுவித்தார். நெருக்கடியான இடத்திலும் வழி கண்டுபிடிக்கும் அவர் புத்திக்கு இஃதோர் எடுத்துக்காட்டு.

1948இல் வெளிவந்தது 'றோப்'. பற்றிக் ஹமில்ரன் என்னும் ஆங்கில நாடகாசிரியர் 1929இல் எழுதிய நாடகம் அதன் மூலம். தாம் பிறரினும் உயர்ந்தவர் என்று செருக்குற்ற இளைஞர் இருவர் தம் நண்பனைக் கயிற்றால் நெரித்துக் கொன்று, உடலை ஒரு பெட்டகத்துள் இடுகின்றனர். பின் அப்பெட்டகத்தின்மேலேயே உணவு பரிமாறி, இறந்தவனின் தந்தையை விருந்துக்கு அழைக்கின்றனர். 80 நிமிடப் படம், ஒரே வீடு. ஒரு படச்சுருளின் அளவாகிய ஏறக்குறைய பத்து நிமிடம் வரையில் வெட்டின்றித் தொடர்ந்து ஓடும் காட்சிகள். கமெரா நகர்வதற்காகச் சுவர்கள் சக்கரத்திலும் சட்டத்திலும் நகர்ந்து வழிவிட்டன. சன்னலுக்கு வெளியே, கண்ணாடி நாரினாற் செய்த முகில்கள் மெல்ல இடம்பெயர, பகல் மங்கி நகரில் விளக்கேறுகின்றது. ஒரே அறையாயினும் இது செலவு குறைந்த படமன்று. அவர் எடுத்த முதல் வர்ணப்படம் இது. பின்னாளில் ஹிச்கொக்கே இதனை ஒரு வித்தைக்காட்டல் என்று குறைத்துப் பேசினார். ஆயினும் அந்த மூடிய பெட்டகத்தின் அருகே முதியவர் ஒருவர் மகன் இன்னும் வரவில்லையே என்று வாயிலை நோக்கும் காட்சியை வித்தை என்று தள்ள என் மனம் இசையவில்லை.

1954இல் வந்த 'றியர் விண்டோ'வில், கால் முறிந்து சக்கர நாற்காலியில் இருக்கும் புகைப்படக்காரர் ஒருவர், சன்னல் வழியே எதிர்வீடுகளை நோக்கி, ஒரு கொலையை ஊகிக்கின்றார். எதிரே 31 குடியிருப்புகளைக் கட்டி எழுப்பியபோதிலும், பார்ப்போனை அந்த ஓர் அறையிலிருந்து ஹிச்கொக் ஏறத்தாழ வெளியே விடவேயில்லை.

எட்டு இலட்சம் டொலரில் ஒரு திகில்

1959ஆம் ஆண்டில் ஹிச்கொக்குக்கு வயது 60. புகழும் பொருளும் நிறைந்த காலம். அவ்வாண்டு வெளிவந்த 'நோர்த் பை நோர்த்வெஸ்ற்' படத்துக்கு 40 இலட்சம் டொலருக்கு மேற் செலவாகியிருந்தது. அத்தகையவர், றொபேட் புளொக் எழுதிய சிறு திகில் நாவல் ஒன்றைப் படமாக்க விரும்பினார். பரமௌண்ட் நிறுவனத்தார் முகஞ்சுளித்தனர். கதை அருவருப்பானது என்றனர். பணம் தர மறுத்த அவர்களிடம், பணத்தைத் தாமே தருவதாகவும், நெறியாளருக்குரிய தம் ஊதியம் இரண்டரை இலட்சம் டொலரையும் விட்டு அதற்கு ஈடாகப் படத்தில் 60 வீதப் பங்கினைக் கொள்வதாகவும் சொன்னார். நிறுவனத்தார் விநியோகிக்க மட்டும் இசைந்தனர்.

1955 முதல் அவர் பெயரால் வாரந்தோறும் தொலைக்காட்சி நாடகங்கள் ஒளிபரப்பாகி வந்தன. குறைந்த செலவிற் சில நாளில் ஒரு நாடகத்தை முடித்துப் பழகிய அந்தத் தொலைக்காட்சிப் பணியாளரையே பெரும்பாலும் அழைத்துக்கொண்டு, 1959 நவெம்பர் இறுதியிற் படப்பிடிப்பைத் தொடங்கி, ஏறக்குறைய இரண்டு மாதத்தில் முடித்தார். வர்ணம் வேண்டாமென்று கறுப்புவெள்ளையில் எடுத்தார். செலவு குறையும் என்பது ஒரு காரணம், இரத்தத்தின் சிவப்பு பார்ப்போரை வெருட்டிவிடும் என்பது மற்றொன்று. மொத்தச் செலவு எட்டு இலட்சம் டொலரளவே.

கதை இதுதான். மேரியன் கிறேன் என்னும் அலுவலகப் பெண் 40,000 டொலர் பணத்தைத் திருடிக்கொண்டு காரில் ஓடுகின்றாள். வழியில் கறுப்புக் கண்ணாடி அணிந்த பொலிஸ்காரர் ஒருவர் அவளை எழுப்பி விசாரிக்கின்றார். இரவில் மழைக்கு ஒதுங்கி, ஆளரவமற்ற விடுதியொன்றில் தங்குகின்றாள். விடுதிக்காரன் நோமன் பேற்ஸ் கூச்சமுள்ள இளைஞன். பாடம் செய்த பறவைகள் சிறகு விரித்து நிற்கும் அவன் சிற்றறையில், மனிதர் ஒவ்வொருவரும் தத்தம் பொறிக்குள் அகப்பட்டிருப்பதைப் பற்றி இருவரும் பேசுகின்றனர். குன்றின்மேல் ஒரு பழைய வீடு; அதில் அவன் தாய். மேரியன் மனந்திருந்தி, பணத்தைத் திருப்பிக் கொடுக்கத் துணிந்து, குளிக்கச் செல்கின்றாள். அதன்மேல் நிகழ்வது உலகறிந்தது. முடிவை வெளியிடவேண்டாமென்று ஹிச்கொக் அக்காலத்திற் பார்வையாளரை வேண்டிக்கொண்டார். அவ்வேண்டுகோளை யானும் மதிக்கின்றேன்.

என் மாணவன் சொன்னது உண்மையே. திருடு உண்டு, விலங்கினத்துக்கு உயிரற்ற அப்பறவைகள் உண்டு, அதிகாரத்துக்குப் பொலிஸ்காரர் உண்டு, மாடிச் சன்னலில் அசையும் நிழலோ அணங்கு. நான்கும் ஒரு கதையில் அமைந்தன.

குளிப்பறைக் காட்சி திரையில் ஏறக்குறைய 45 விநாடி. அதனை எடுக்கச் சென்ற நாட்கள் 7. கமெரா வைத்த கோணங்கள் ஏறக்குறைய 70. இரத்தமாக ஓடியது சொக்கலேற் பாகு. கத்தி பாயும் ஓசையாகக் கேட்டது முலாம்பழத்தைக் குத்திய ஓசை. துண்டு துண்டான படங்களைப் பார்ப்பவன் தன் மனத்தால் ஒட்டி, காணாத கொடுமையைக் கண்டதாக நினைத்து அலறுகின்றான். தொகுத்த படத்தை முதலிற் பார்த்தபோது ஹிச்கொக் மனம் சோர்ந்து, அதனைத் தொலைக்காட்சிக்கெனச் சுருக்கிவிடலாமா என்று கருதியதாக இசையமைப்பாளர் பேர்னாட் ஹெர்மன் பின்னர் நினைவுகூர்ந்தார். குளிப்பறைக் காட்சிக்கு இசையே வேண்டாமென்பதும் ஹிச்கொக்கின் எண்ணம். ஹெர்மனோ நரம்புக் கருவிகளை மட்டும் கொண்டு, கீறிக் கிழிக்கும் ஓர் இசையை அமைத்துக் காட்டினார். கேட்டவுடன் ஹிச்கொக் தம் கருத்தை மாற்றிக்கொண்டார். தம் பிடிவாதத்தை விட்டுக் கொடுக்கத் தெரிந்த அச்சிறுபொழுது அவர் படத்தைக் காத்தது.

1960 யூன் 16ஆம் திகதி நியூ யோர்க்கிற் படம் வெளியாயிற்று. தொடங்கியபின் எவரையும் உள்ளே விடலாகாது என்று கட்டளை. திறனாய்வாளர் சிலர் இகழ்ந்தனர். மக்கள் தெருவில் வரிசையாக நின்றனர். போட்ட பணம் பலமடங்காகத் திரும்பியது. 1992இல் அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் தேசியப் படப் பதிவேட்டில் அது சேர்க்கப்பட்டது.

பூட்டு எங்கே?

அறைக்குள் ஆளை அடைத்துவிட்டால் திகிற்படம் ஆகிவிடும் என்று கருதுவோர் உளர். ஹிச்கொக் அவ்வாறு கருதவில்லை என்பதற்கு ஒரு செய்தி சான்றாகும். 1960களில் லறி கோகன் என்னும் எழுத்தாளரும் அவரும், முழுக்கதையும் ஒரு தொலைபேசிக் கூண்டுக்குள் நிகழும் படம் ஒன்றைப் பற்றி உரையாடினர். கூண்டின் கதவைத் திறந்துகொண்டு அவன் போய்விடாதது ஏன் என்னும் வினாவுக்கு விடை தோன்றாமையால் எண்ணம் கைவிடப்பட்டது. பல்லாண்டு கழித்துக் கோகனுக்கு விடை கிடைத்தது: தொலைவிலிருந்து ஒருவன் துப்பாக்கியாற் குறிபார்த்து நிற்கின்றான். 'போன் பூத்' என்று 2002இல் அது படமாயிற்று.

சுவரன்று, பூட்டே கதை. படகில் அப்பூட்டு கடல்; பெட்டகத்தருகே அது செருக்கு; சன்னலருகே முறிந்த கால்; விடுதியிலோ அவரவர் மனமே பூட்டு. இவ்வுண்மையை உணர்ந்தோர் பின்னரும் சிறு பணத்தில் நல்ல படங்களை ஆக்கினர். ஒரே கனசதுர அறையை ஒளியின் நிறம் மாற்றிப் பல அறைகளாகக் காட்டிய கனேடியப் படமாகிய 'கியூப்' 1997இலும், சவப்பெட்டிக்குள் உயிரோடு புதைக்கப்பட்ட ஒருவனை மட்டும் வைத்து 17 நாளில் எடுத்த 'பெரிட்' 2010இலும் வெளிவந்தன. இவையெல்லாம் ஹிச்கொக் திறந்துவைத்த வழியிற் சென்றவை.

மறுபக்கம்

இனி, வருத்தம் தந்த பகுதி. 1963இல் 'பேர்ட்ஸ்' என்னும் படம் வெளிவந்தது. மாடியறையொன்றில் அகப்பட்ட பெண்ணைப் பறவைகள் தாக்கும் காட்சி அதில் உண்டு. பொறிப்பறவைகளே பயன்படும் என்று நடிகை ரிப்பி ஹெட்றனுக்குச் சொல்லப்பட்டிருந்தது. ஆனால், ஐந்து நாட்கள், உயிருள்ள பறவைகளே அவர்மேல் எறியப்பட்டன. ஒரு பறவை கண்ணருகே கீறியது. அவர் சோர்ந்து விழுந்தார். மருத்துவர் ஓய்வு விதித்தார். ஹிச்கொக் தம்மிடம் தகாத முறையில் நடந்தார் என்றும், இணங்காதபோது ஒப்பந்தத்தைக் காட்டி வேறு படங்களில் நடிக்கவிடாது தடுத்தார் என்றும் 2016இல் வெளியிட்ட நூலில் ஹெட்றன் எழுதினார். ஹிச்கொக் அப்போது உயிரோடில்லை. அவரோடு பணிபுரிந்த வேறு நடிகையர் சிலர் அவரை நன்றாகவே நினைவுகூர்ந்ததும் உண்டு. ஆயினும் அந்த ஐந்து நாட்களை எவரும் மறுக்கவியலாது.

ஐந்து நிமிடம் அறையில் அடைபட்ட சிறுவன், ஒருத்தியை ஐந்து நாட்கள் அடைத்துவைத்தான். அச்சத்தின் இலக்கணத்தை முழுதும் அறிந்தவர், தாமே பிறர்க்கு இறை ஆனபோது அதனை மறந்தார். கலையின் பெருமை இக்குறையை மூடாது. இக்குறையும் கலையின் பெருமையை அழிக்காது. இரண்டையும் ஒருங்கு வைத்துப் பார்க்க நமக்கு நெஞ்சுரம் வேண்டும்.

இறுதிக் காலம்

ஐம்பதுக்கும் மேற்பட்ட படங்களை ஆக்கிய ஹிச்கொக்குக்கு, நெறியாள்கைக்கான ஒஸ்கார் பரிசு ஐந்து முறை வாயில்வரை வந்து திரும்பியது. 1968இல் தால்பேர்க் நினைவு விருது மட்டும் வழங்கப்பட்டது. 1979இல் அமெரிக்கத் திரைப்பட நிறுவகம் அவரைப் பாராட்டியபோது, தம் வாழ்வுக்குத் துணைநின்ற நால்வருக்கு நன்றி கூறினார்: ஒரு படத்தொகுப்பாளர், ஒரு கதையாசிரியர், தம் மகளின் தாய், ஒரு சமையற்காரர். நால்வரும் அல்மாவே. 1980ஆம் ஆண்டுப் புத்தாண்டுப் பட்டியலில் அவருக்குப் பிரித்தானிய நைட் பட்டம் அறிவிக்கப்பட்டது. உடல்நலமின்மையால் இலண்டன் செல்ல இயலவில்லை. அவ்வாண்டு ஏப்பிரல் 29ஆம் திகதி, லொஸ் ஏஞ்சலிஸ் நகரிலுள்ள தம் இல்லத்தில் 80ஆவது வயதிற் காலமானார். சாம்பர் பசுபிக் கடலில் தூவப்பட்டது. அல்மா 1982இல் மறைந்தார்.

என்னைப் பற்றி ஒன்று சொல்லி முடிக்கின்றேன். யான் ஆசிரியத் தொழிலிற் புகுந்த முதல் ஆண்டுகளில், செய்யுள் ஒப்புவிக்கத் தெரியாத சிறுவன் ஒருவனைத் தேசப்படங்கள் வைக்கும் சிற்றறையில் விட்டு வெளியே தாழிட்டேன். ஐந்து நிமிடமே கருத்து. அதற்குள் வேறு அலுவல் வந்து மறந்துபோனேன். அரைமணி கழித்துத் திறந்தபோது அவன் அழுதிருக்கவில்லை. சுருட்டிய படங்களின் நடுவே நின்று கதவையே பார்த்துக்கொண்டிருந்தான். அதன்பின் என் வகுப்பில் அவன் வாய்திறந்து ஒரு வினாக் கேட்டதில்லை. அவனிடம் யான் மன்னிப்பும் கேட்டதில்லை.

அன்று இரவு என்னைக் கிணற்றடிக்குப் போகவிடாமல் தடுத்தது விடுதிக்காரன் நோமன் என்றே முதலில் நினைத்தேன். ஹிச்கொக்கின் வரலாற்றைக் கற்றபின், அக்கதவைப் பார்த்துக்கொண்டிருந்த கண்களே அடிக்கடி நினைவுக்கு வருகின்றன. மெய்ப்பாட்டியலில் அச்சத்தின் நான்காம் இடத்தை நடத்தும்போது, அரசனையும் தந்தையையும் உதாரணம் காட்டிவிட்டு ஆசிரியனை விரைந்து கடந்துபோவது முன்னைய என் வழக்கம். இப்போது அவ்விடத்தில் நின்று, இச்சம்பவத்தைச் சொல்லிவிட்டே அடுத்த சூத்திரத்துக்குப் போகின்றேன்.